டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சிஸ்டர்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் 40 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் இன்சார்ஜாக இருக்கிறேன். போன மாதம் நெஞ்சுவலியோடு வந்த 52 வயதுக்காரரை, விடிந்ததும் சேலம் அனுப்பலாம் என்று மாடி வார்டில் வைத்திருந்தோம். இரவு இரண்டேகால் மணிக்குத் திடீரென்று கை கால் வெட்டி இழுத்து நினைவு தப்பிவிட்டது. டியூட்டியில் இருந்த பெண் படிப்பு முடித்து எட்டு மாதம்தான் ஆகிறது. வலிப்பு என்று நினைத்து ஊசி எடுக்க ஓடினாள். நெஞ்சில் ஷாக் கொடுக்கும் டீஃபிப் மெஷின் கீழே கேஷுவாலிட்டியில் இருந்தது. அதை மேலே கொண்டுவந்த பிறகும் டாக்டர் வரட்டும் என்று நின்றிருக்கிறார்கள். டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து வர ஒன்பது நிமிடம் ஆனது. காப்பாற்ற முடியவில்லை. இப்போது நிர்வாகம் வெளியிலிருந்து ஆள் வரவழைத்து ஒரு நாள் ட்ரெயினிங் வைக்கலாம் என்கிறது. அது போதுமா? நர்ஸ் ஷாக் கொடுக்கலாமா? எல்லோருக்கும் அந்த மெஷினைத் தொடவே பயம். அந்தப் பெண் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்யட்டும் டாக்டர்? பெயர், ஊர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அந்த ஒன்பது நிமிடத்தைத் தாண்டி மனசு போகவில்லை. நான் மயக்க மருந்து டாக்டர், இருபது வருடமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தியேட்டர் வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ்களுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தும் உயிர்மீட்பு), டீஃபிப் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ட்ரெயினிங் போதாது. நர்ஸ் ஷாக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பயம் போவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: உங்கள் வார்டிலேயே, உங்கள் மெஷினிலேயே, உங்கள் ஆட்கள் மாதாமாதம் கை வைத்துப் பழக வேண்டும்.

முதலில் அந்த இரவைப் பார்த்துவிடலாம். அவருடைய ஈ.சி.ஜி. ஸ்ட்ரிப்பை நான் பார்க்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் ஒருவர் திடீரென்று விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வி.எஃப்.தான். இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரியாமல் கட்டுப்பாடில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு ரத்தம் வெளியே போகாது. மூளைக்கு ரத்தம் நின்ற சில வினாடிகளில் உடம்பு வெட்டி இழுக்கும், பார்ப்பவர்களுக்கு வலிப்பு மாதிரியே இருக்கும். நம் ஊரில் உடனே சாவிக்கொத்தைத் தேடி கையில் திணிப்பார்கள், ஆஸ்பத்திரி என்றால் வலிப்பு ஊசி எடுக்க ஓடுவார்கள், இரண்டிலும் போவது அதே ஒரு நிமிடம்தான். அடுத்து இன்னொன்று வரும். வாய் திறந்து, இடைவெளி விட்டு, மீன் கரையில் கிடந்து இழுக்கிற மாதிரி மூச்சு இழுக்கும். "மூச்சு இருக்கு டாக்டர்" என்று ஃபோனில் சொல்வார்கள். அது மூச்சில் சேர்த்தி இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை, பத்து வினாடிக்குள் கழுத்தில் நாடி கைக்கு உறுதியாகப் படவில்லை என்றால் அது அரெஸ்ட், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளுவது நின்றுவிட்டது, உடனே நெஞ்சில் கை வைக்க வேண்டும். எட்டு மாத அனுபவம் உள்ள பெண்ணுக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம், புத்தகத்தில் வலிப்பு ஒரு பாடத்திலும் அரெஸ்ட் வேறொரு பாடத்திலும் இருக்கிறது, இரண்டும் ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் வரும் என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

இந்த நடுக்கத்தை நிறுத்த ஷாக் தவிர வேறு நம்பகமான வழி கிடையாது. ஷாக் இதயத்தை ஓட வைப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த நடுக்கத்தை ஒரே அடியில் அடக்குகிறது, அடங்கிய பிறகு இதயத்தின் சொந்தத் துடிப்பு மறுபடி எழுந்து வர ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அந்த வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் கரைகிறது. சி.பி.ஆர். எதுவும் நடக்காமல் இருந்தால் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. யாராவது நன்றாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தக் குறைவு நிமிடத்துக்கு 3, 4 சதவீதம் என்று மெதுவாகிறது. ஒன்பது நிமிடத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் வந்து சேர்ந்தபோது செய்வதற்கு என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2008-இல் அமெரிக்காவின் 369 மருத்துவமனைகளில், உள்நோயாளியாக இருக்கும்போதே இந்த மாதிரி அரெஸ்ட் ஆன 6,789 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 39.3 சதவீதம் பேர் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டியவர்களில் 22.2 சதவீதம். தாமதம் எங்கே அதிகம் என்று பார்த்தால் 250 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரி, மானிட்டர் இல்லாத வார்டு, இரவு நேரம் மற்றும் வார இறுதி. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றுமே இருக்கின்றன. எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே பத்தில் மூன்று பேருக்குத் தாமதமாகியிருக்கிறது. அதனால் உங்கள் ஆஸ்பத்திரி மட்டும்தான் தோற்றுவிட்டது என்று நினைத்து மனம் குமைய வேண்டாம், சரி செய்யக்கூடிய விஷயம் இது.

இப்போது நர்ஸ் ஷாக் கொடுக்கலாமா என்ற கேள்வி. இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது. 1961-இல் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற பிரிட்டிஷ் இதய மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் மானிட்டரோடு வைத்துப் பயிற்சி பெற்ற ஊழியர்களைப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும் என்று எழுதினார். அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்காவில் தொடங்கிய இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், டாக்டருக்குக் காத்திருக்காமல் ஈ.சி.ஜி. பார்த்து நர்ஸே ஷாக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. அந்தப் பிரிவுகளில் உயிர்கள் மிஞ்சியதற்கு இது ஒரு பெரிய காரணம், ஏனென்றால் கட்டில் பக்கத்தில் 24 மணி நேரமும் இருப்பவர் நர்ஸ்தான். இன்று ஏ.இ.டி. என்கிற தானியங்கி டீஃபிப் மெஷினை விமான நிலையத்தில் வழிப்போக்கர் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளை யூனிஃபார்ம் போட்டு நான்கு வருடம் படித்தவர் தொடக் கூடாது என்றால் அதில் நியாயமே இல்லை.

ஆனால் நான் இப்படிச் சொன்னால் மட்டும் உங்கள் பெண்களுக்குத் தைரியம் வந்துவிடாது. நாளைக்குப் பிரச்சினை என்றால் யார் நிற்பார்கள் என்ற பயம் உள்ளே இருக்கும், அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் ட்ரெயினிங்குக்கு முன்னால் ஒரு காகித வேலை இருக்கிறது. மெடிக்கல் டைரக்டரிடம் ஒரு பக்க நிலையாணை கேளுங்கள். பயிற்சி முடித்த நர்ஸ், நினைவில்லாமல் நாடியில்லாமல் இருக்கும் நோயாளிக்கு டாக்டர் வருவதற்கு முன்பே சி.பி.ஆர். தொடங்கலாம், டீஃபிப் போட்டு மெஷின் சொன்னாலோ வி.எஃப். தெரிந்தாலோ ஷாக் கொடுக்கலாம், அதற்கு நிர்வாகம் பொறுப்பு என்று தமிழில் எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டு, டீஃபிப் டிராலியிலேயே ஒட்டுங்கள். ஃபைலுக்குள் வைத்தால் இரவு இரண்டு மணிக்கு யார் கண்ணிலும் படாது. நீங்கள் எழுதியதை மறுபடி பாருங்கள். மெஷின் மேலே வந்துவிட்டது, பக்கத்தில் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள், அனுமதி மட்டும் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. அந்த அனுமதியை முன்கூட்டியே கட்டில் பக்கத்துக்குக் கொண்டுவந்து வைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ட்ரெயினிங் அதற்கு அடுத்ததுதான்.

ஒரு நாள் வகுப்பு ஏன் போதாது என்றால், இந்தத் திறமை கையில் நிற்பது சில மாதங்கள்தான். மூன்று மாதத்திலேயே தேய ஆரம்பித்து ஆறு மாதத்தில் நிறையவே போய்விடும். சர்டிஃபிகேட்டில் இரண்டு வருடம் என்று போட்டிருக்கும், கைக்கு அது தெரியாது. இன்னொன்று நம் பக்கத்துக்கே உரிய கஷ்டம். நீங்கள் இன்று பழக்கும் பெண்ணுக்கு ஓசூரிலோ பெங்களூருவிலோ கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்தால் ஆறு மாதத்தில் போய்விடுவாள், போகட்டும், அவள் வாழ்க்கை. அவள் இடத்துக்கு வருகிற புதுப் பெண் அந்த ஒரு நாள் வகுப்பைப் பார்த்திருக்கவே மாட்டாள். வருடத்துக்கு ஒரு திருவிழா மாதிரி வைக்கும் ட்ரெயினிங்கில் பேனர் கட்டி, டிபன் கொடுத்து, ஃபோட்டோ எடுத்து முடித்த பிறகு இரவு டியூட்டியில் நிற்பவர்களில் பாதிப் பேர் அந்த ஃபோட்டோவிலேயே இருக்க மாட்டார்கள்.

அதற்காக வெளியாள் வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிப்படைக்கு அது தேவை. நம் நாட்டில் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் முன்முயற்சியில் இந்திய உயிர்மீட்புக் குழு 2017-இல் வழிகாட்டு முறைகளை வெளியிட்டது. பொதுமக்களுக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் சொல்லிக்கொடுக்கும் எளிய பயிற்சி ஒன்று, ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு டீஃபிப், மருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பயிற்சி ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. செக்யூரிட்டி, ஆயாம்மா, லேப் பையன், பில்லிங்கில் உட்காரும் பெண் எல்லோருக்கும் அந்த எளிய பயிற்சியை ஒரு மதியத்தில் கொடுத்துவிடலாம். இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். நோயாளி விழுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் தரை துடைக்கும் அம்மாதான். அவர் உடம்பில் இருக்கும் பலத்துக்கு நம் புது நர்ஸ்களை விட நன்றாக அழுத்துவார், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மாதாந்திர ஒத்திகை. இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடம் போதும், ஹாலில் வேண்டாம், வார்டில் காலியாக இருக்கும் ஒரு கட்டிலில் பொம்மையைப் படுக்க வைத்து, முன்னறிவிப்பு இல்லாமல், மாதம் ஒருமுறை, அதில் பாதி இரவு டியூட்டியில். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், ஃபோனில் இருப்பதே போதும். அளக்க வேண்டியது இரண்டே நேரம்: விழுந்ததிலிருந்து நெஞ்சில் முதல் அழுத்தம் எப்போது, முதல் ஷாக் எப்போது. இதை நர்சிங் ஸ்டேஷன் பலகையில் தேதியோடு எழுதி வையுங்கள், பெயர் எழுத வேண்டாம். வார்டுக்குள் மூன்று நிமிடத்துக்குள் ஷாக் என்பதுதான் இலக்கு, முடிந்தால் இரண்டு.

கிருஷ்ணகிரி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் முதன்முதலாக இப்படி ஒத்திகை வைத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். "அரெஸ்ட்!" என்று கத்தினேன். ஒரு பெண் டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள், வந்து நின்றதும் டிராயரை இழுத்தால் திறக்கவில்லை. மருந்து காணாமல் போகிறது என்று யாரோ காஸ் துணியால் கைப்பிடியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள், ஈரம் பட்டுக் காய்ந்து முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தாள். கத்தரிக்கோல் எங்கே என்றால், அந்த டிராயருக்குள். அதற்குள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கை ஓய்ந்துவிட்டது, உயரம் குறைவு, கட்டில் உயரம், குதிகாலைத் தூக்கிக்கொண்டு முழங்கையை மடக்கித்தான் அழுத்தினாள், ஒரு அங்குலம் கூட இறங்கியிருக்காது. ஷாக் போகும் பேட்களை நெஞ்சில் ஒட்டியாகிவிட்டது, மெஷின் சார்ஜ் ஆகி அந்த ஆரஞ்சு நிறப் பட்டன் கண் சிமிட்டுகிறது, மூன்றாவது பெண்ணின் கட்டைவிரல் அதற்கு மேல் ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது, அழுத்த மாட்டேன் என்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொம்மைதான் என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் விரல் இறங்கவில்லை. நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்த மாதம் முடிச்சு இல்லை, ஒரு இழுப்பில் அறுந்துவிடும் பிளாஸ்டிக் சீல் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்டூல் வந்திருந்தது. அந்த மூன்றாவது பெண் "எல்லாரும் விலகுங்க" என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் அழுத்தினாள். வகுப்பில் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் அந்த முடிச்சையும் ஸ்டூலையும் கட்டைவிரலையும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன், இடத்திலேயே செய்து பார்த்ததால்தான் தெரிந்தது.

உங்களுக்கு இரவில் ஆள் குறைவு என்று புரிகிறது. இரண்டு பேர்தான் என்றாலும் வேலையை முன்கூட்டியே பிரித்து வையுங்கள். பார்ப்பவர் கத்திவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும், அந்த இடத்தை விட்டு ஊசிக்கோ ஃபோனுக்கோ ஓடக் கூடாது. இரண்டாமவர் மெஷினைக் கொண்டுவர வேண்டும். டாக்டருக்கு ஃபோன் போடுவது செக்யூரிட்டியின் வேலை. அரெஸ்ட் என்று எல்லோரையும் கூப்பிடும் 'கோட் ப்ளூ' அறிவிக்க மைக் இல்லாத ஆஸ்பத்திரியில் நான் பஸ் கண்டக்டர் விசில் வாங்கி ஒவ்வொரு நர்சிங் ஸ்டேஷனிலும் ஆணியில் மாட்டச் சொல்வேன், மாடி முழுக்கக் கேட்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசுகிறவர்கள் கலந்து வேலை பார்ப்பார்கள், உங்களிடமும் வெளியூர்ப் பெண்கள் இருந்தால் விலகச் சொல்லும் வார்த்தை எது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முடிவு செய்து அதையே எப்போதும் சொல்லுங்கள்.

அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மெத்தை என்றால் அடியில் பலகை. மெஷின் சார்ஜ் ஆகும் நேரத்திலும் அழுத்திக்கொண்டே இருக்கலாம், மெஷின் துடிப்பைப் பார்க்கும்போதும் ஷாக் கொடுக்கும் அந்த நொடிக்கும் மட்டும் கையை எடுத்தால் போதும். கொடுத்த உடனே மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நாடியும் பார்க்காமல், மறுபடி இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். ஷாக் போனதும் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள், கை சும்மா இருக்கும்.

மெஷினைப் பற்றி. உங்களிடம் இருப்பது மானிட்டரோடு கூடிய பெரிய டீஃபிப் என்று நினைக்கிறேன். அதில் ஏ.இ.டி. மோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஈ.சி.ஜி. படிக்கத் தெரியாத வார்டு நர்ஸுக்கு அதுதான் சரி, மெஷினே பார்த்து ஷாக் தேவையா இல்லையா என்று சொல்லும். ஆனால் பெரும்பாலான மெஷின்களில் அந்த மோடு வேலை செய்ய ஒட்டும் பேட் வேண்டும், கையில் பிடித்து அழுத்தும் பேடல் கட்டைகள் மட்டும் இருந்தால் நடக்காது. நிர்வாகம் ட்ரெயினிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் பிடித்தாவது இரண்டு ஜோடி பேட் வாங்கி வையுங்கள், காலாவதி தேதி பார்த்து. மேனுவலில் கொடுப்பதாக இருந்தால் ஷாக்கின் அளவு எத்தனை ஜூல் என்று மெஷின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். பைஃபேசிக் (கரண்ட் இரண்டு திசையிலும் போகும் புது வகை) என்றால் கம்பெனி சொல்லும் அளவு, 120-லிருந்து 200-க்குள் இருக்கும், தெரியாவிட்டால் மெஷினின் அதிகபட்சம். ஒரே திசையில் போகும் பழைய மோனோஃபேசிக் என்றால் 360. குழந்தைக்கு முதலில் கிலோவுக்கு 2 ஜூல், அடுத்தது 4. அந்த நேரத்தில் யாரும் ஞாபகத்திலிருந்து எடுக்கக் கூடாது.

சிங்க் பட்டனை ஒவ்வொரு ஒத்திகையிலும் காட்டுங்கள். பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பகலில் யாரோ வேறொரு நோயாளியின் வேகத் துடிப்பைச் சரிசெய்ய சிங்க் போட்டுவிட்டு அணைக்காமல் போயிருந்தார்கள். இரவில் ஒரு நோயாளிக்கு வி.எஃப். வந்தது. சார்ஜ் ஆயிற்று, பட்டனை அழுத்துகிறேன், ஷாக் போகவில்லை. மறுபடி அழுத்துகிறேன், போகவில்லை. சிங்க் போட்டிருந்தால் மெஷின் ஒழுங்கான துடிப்பின் உச்சிக்காகக் காத்திருக்கும், வி.எஃப்.-இல் அப்படி ஒன்று வரவே வராது. மெஷின் ரிப்பேர் என்று நினைத்து வேறொன்று கேட்டு ஆள் அனுப்பியிருப்பேன், நல்லவேளையாகப் பக்கத்தில் இருந்த சீனியர் சிஸ்டர் "சார், சிங்க்" என்றார். டாக்டராக இருந்த எனக்கு அன்று வழி காட்டியது ஒரு நர்ஸ்தான், அதை இன்றுவரை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

தினசரி செக்கிங் ரிஜிஸ்டர் உங்களிடம் இருக்கும். அதை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது நாள் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து போட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ரிஜிஸ்டர் வைத்திருந்த ஓரிடத்தில் டீஃபிப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மொபைல் சார்ஜர் போட்டிருந்தார்கள், பேட்டரி இறங்கிக் கிடந்தது. நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் பேட்டரிதான் உயிர். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் பிளக்கைப் பார்த்து, மேனுவலில் சொல்லியிருக்கும் டெஸ்டைச் செய்து, வரும் பிரிண்ட் ஸ்ட்ரிப்பைக் கிழித்து ரிஜிஸ்டரில் ஒட்டச் சொல்லுங்கள். கையெழுத்தைச் சும்மா போட்டுவிடலாம், தேதியும் நேரமும் அச்சான ஸ்ட்ரிப்பைச் சும்மா ஒட்ட முடியாது. கீழே கேஷுவாலிட்டியில் ஒன்றுதான் என்றால், மாடிக்கு இன்னொன்று, சின்ன ஏ.இ.டி.யாவது, நிர்வாகத்திடம் கேளுங்கள். இரவில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் ஸ்டாப்வாட்சில் அளந்து காட்டினால் வாதாட வேண்டியிருக்காது.

தொடவே பயம் என்கிறார்களே, அந்தப் பயங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். இரும்புக் கட்டில் முழுக்கக் கரண்ட் பாயும் என்பார்கள். பேட் நெஞ்சில் நன்றாக ஒட்டியிருந்து, அது இரும்பைத் தொடாமல், யாரும் நோயாளியைத் தொடாமல் இருந்தால் கட்டிலால் ஆபத்தில்லை. வியர்வை இருந்தால் துண்டால் ஒரே துடைப்பு, அவ்வளவுதான். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றி நெஞ்சிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், இதில் மட்டும் சமரசமே கிடையாது, தீப்பிடிக்கும். தாலிக் கயிறோ சங்கிலியோ இருந்தால் ஒதுக்கினால் போதும், கழற்ற நேரம் செலவாக்க வேண்டாம். பேஸ்மேக்கர் மேட்டின் மேல் பேட் ஒட்டக் கூடாது, பக்கத்தில் தள்ளி ஒட்டலாம். இன்னொரு தயக்கம் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், பெண் நோயாளியின் ரவிக்கையை வார்டு நடுவில் கத்தரிப்பது. அதற்கு டிராலியிலேயே ஒரு பெரிய துணி வையுங்கள், ஆயாம்மா அதைத் திரை மாதிரிப் பிடிக்கட்டும், நர்ஸ் தயங்காமல் கத்தரிக்கட்டும். இதையும் ஒத்திகையில் செய்து பாருங்கள், பொம்மைக்கு ஒரு பழைய ரவிக்கை மாட்டி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஷாக் எல்லா அரெஸ்டுக்கும் மருந்து கிடையாது. சினிமாவில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுத்து எழுப்புவார்கள், நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில் பயனே இல்லை. அதற்கு அழுத்துவதும் அட்ரினலினும் காரணத்தைத் தேடுவதும்தான். ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் அரெஸ்டில் பெரும்பகுதி ஷாக் வேலை செய்யாத வகைதான், அவற்றில் பலவற்றுக்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு வேகம், பி.பி., ஆக்ஸிஜன் அளவு எல்லாம் மாறத் தொடங்கியிருக்கும். அதனால் டீஃபிப் வந்துவிட்டது என்று வைட்டல்ஸ் எழுதுவதில் அசந்துவிட வேண்டாம்.

அந்த நோயாளி விஷயத்திலும் இது பொருந்தும். நெஞ்சுவலிக்காரரை மாடி வார்டில் மானிட்டர் இல்லாத கட்டிலில் விடியும்வரை வைத்திருந்தது பற்றி டாக்டர்களோடு நீங்கள் தனியாகப் பேச வேண்டும். இனி அப்படி யார் வந்தாலும் மெஷினுக்குப் பக்கத்துக் கட்டில், ஈ.சி.ஜி. லீட் மாட்டி, அலாரம் சத்தத்தைக் குறைக்காமல். சேலத்துக்கோ தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவதாக இருந்தால் இரவிலேயே அனுப்புங்கள், வண்டியில் டீஃபிப்பும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து நெரிசலில் மாட்டினால் வண்டிக்குள் இருப்பதுதான் உங்கள் ஆஸ்பத்திரி.

கடைசியாக அந்தப் பெண். அவளுக்கு மெமோ கொடுக்கும் பேச்சு இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். அவளுக்கு யாரும் பழக்கவில்லை, மெஷின் அவள் மாடியில் இல்லை, அனுமதியும் அவள் கையில் இல்லை. அன்று இருந்த எல்லோரையும், டாக்டரையும் சேர்த்து, ஒரு அரை மணி நேரம் உட்கார வைத்து என்ன நடந்தது என்று வரிசையாகப் பேசுங்கள். யார் தப்பு என்ற கேள்வியை அந்த அறைக்குள் யாரும் கேட்கக் கூடாது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் இன்னும் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவர் ஒருவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக அனுப்பாதீர்கள், அவளுக்கு ஓர் அக்கா மாதிரி கூட இருங்கள்.

முதல் ஒத்திகையில் அவளைப் பட்டன் பக்கம் நிறுத்த வேண்டாம், ஸ்டாப்வாட்சை அவள் கையில் கொடுங்கள். மற்றவர்களும் தடுமாறுவதை, டிராயர் சிக்குவதை, சீனியர்களின் விரலும் தயங்குவதை அவள் பார்க்கட்டும். இரண்டாவது மாதம் நெஞ்சை அழுத்தட்டும். மூன்றாவது மாதம் அவளே கேட்பாள், கேட்காவிட்டாலும் பட்டனை அவளிடம் கொடுங்கள். பொம்மை இல்லை என்று முதல் ஒத்திகையைத் தள்ளிப்போட வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, வலது தோள் கொஞ்சம் கிழிந்திருக்கும், நெஞ்சு நன்றாக வேலை செய்யும். வண்டி அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.